மிலுன்கா எந்தப் பெயரையும் விடமாட்டாள்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை, கேட்டு வாங்கினார்கள். எங்கள் ஊர் வானொலி நிலையத்துக்கு இந்த செப்டம்பரோடு அறுபது வயது. அதை இப்போது நடத்துகிற ரெல்யா என்ற இளைஞன் போன வாரம் தொலைபேசியில் பிடித்தான்.

“நெவென்கா அக்கா, மிலுன்காம்மாவைப் பத்தி பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு எழுதித் தாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாசிக்கலாம். நம்ம ஊர்ல எழுத்தாளர்னா நீங்கதான்.”

“பல் டாக்டர்கூட கவிதை எழுதுறாரே?”

“அவர்கிட்டதான் மொதல்ல கேட்டேன். அவர் வெளியூர் போயிருக்கார்.”

வாய்ப்பு வந்த விதம் இதுதான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எப்படி வேண்டும் என்று கேட்டேன். “உருக்கமா இருக்கணும், நடுவுல சிரிப்பும் வரணும், ஊரே அவங்க குரலைக் கேட்டு வளர்ந்ததுன்னு ஒரு வரி வந்துடணும்” என்றான். ஒரே மூச்சில் சரி என்று சொல்லிவிட்டேன். மிலுன்காவைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவேன் என்று நினைத்தேன். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

இப்போது நிற்கவில்லை. எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ரெல்யா கேட்டது இது இல்லை.

2

தொடக்கம் ஒன்று: “எங்கள் சமையலறையில் நான்கு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், மிலுன்கா.”

இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது, பொய்யும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேசைக்குக் கோழி சூப் வரும்போது ஜன்னலோரத்து வானொலியிலிருந்து அவளும் வந்துவிடுவாள். வாழ்த்துகளும் விருப்பப் பாடல்களும். யாருக்குக் கல்யாணம், யார் பட்டாளத்துக்குப் போகிறான், யார் ஜெர்மனியிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறான், எல்லாவற்றையும் அவள் வாயால் சொன்னால்தான் ஊருக்கு அது நடந்த மாதிரி. நிலையத்தில் ஒரு சீட்டு தருவார்கள். யாருக்கு, யாரிடமிருந்து, என்ன பாட்டு என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

‘யாரிடமிருந்து’ என்ற இடத்தில்தான் உயிர் இருக்கிறது. முதலில் அப்பா, அடுத்து அம்மா, பிறகு தாத்தா, சித்தப்பா, சித்தி என்று இறங்கி, கடைசியில் இன்னும் பேச்சு வராத குழந்தை வரைக்கும் பெயர் வர வேண்டும். ஒரு பெயர் முன்பின்னாகப் போனால் ஒரு மாதம் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு பெயர் விட்டே போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி நடந்ததில்லை. மிலுன்கா எந்தப் பெயரையும் விடமாட்டாள்.

(ஓரக் குறிப்பு: அந்த அரைமணி நேரம் சூப்பை உறிஞ்சக் கூடாது. அப்பா கரண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டுக் கேட்பார். சூப் ஆறிவிடும். அம்மா திட்டமாட்டாள், அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள்.)

எனக்கு அவள்மேல் அவ்வளவு ஆசை. ஏழு வயதில் ஒருநாள் ரொட்டிக் கடையில் அம்மா என் காதில், “அதோ மிலுன்கா” என்றாள். குள்ளமான, கணுக்கால் தடித்த ஒரு பெண் ரொட்டியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ரொட்டி வாங்கித் தின்பாள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

தொடக்கம் இரண்டு: “1982 செப்டம்பரில் மிலுன்கா ஒரு பெயரை விட்டுவிட்டாள்.”

ஊருக்குத் தெரிந்த கதை இந்த வரியில்தான் ஆரம்பிக்கும். ரெல்யாவும் இதைத்தான் எதிர்பார்ப்பான், ‘நிலாவிலும் களங்கம்’ என்ற ரீதியில் ஒரு பத்தி. எழுதினேன், அடித்தேன். அடித்தது தெரியட்டும் என்று இங்கேயே விட்டுவைத்திருக்கிறேன்.

3

நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவின் அண்ணன் ஸ்வெதோ எனக்குப் பெரியப்பா. அவருடைய முதல் மனைவி இறந்தபோது மகன் ராங்கோவுக்கு இரண்டு வயது. அவனுக்கு நான்கு வயதானபோது அந்த வீட்டுக்குத் திராகின்யா பெரியம்மா வந்தாள். வந்த இரண்டாவது வாரம் ராங்கோ அவளை அம்மா என்று கூப்பிட்டான். அன்று அவள் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை என்று பெரியப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஊர் மட்டும் மாற்றாந்தாய் என்பதை மறக்கவில்லை. பையன் இளைத்தால் அவள் போடவில்லை, பையன் பெருத்தால் அவள் வேஷம் போடுகிறாள்.

பத்தொன்பது வயதில் ராங்கோ அண்ணனுக்குப் பட்டாளத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் பக்கம் பட்டாளத்துக்கு வழியனுப்புவது கல்யாணத்துக்குக் குறைந்தது இல்லை. முற்றத்தில் பந்தல், நூறு பேர், முழு ஆட்டுக்குட்டி வறுவல், பிளம் சாராயம், அக்கார்டியன்காரர். பன்னிரண்டு மணிக்கு வானொலியை ஒரு நாற்காலியில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார்கள். அக்கார்டியன்காரர் கையை எடுத்தார்.

“இன்று பட்டாளத்துக்குப் புறப்படும் ராங்கோ நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் திரும்பி வர வாழ்த்துபவர்கள்: அப்பா ஸ்வெதோ, தாத்தா லாசா, சித்தப்பா மிலோராத், சித்தி யெல்கா, தங்கை நெவென்கா.”

பாட்டு ஆரம்பித்துவிட்டது.

பெரியம்மா கையில் ரொட்டித் தட்டு இருந்தது. அதை மேசையில் வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்தாள். அதை நான்காக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். நூறு பேரும் பார்த்தார்கள். பாட்டை நிறுத்துவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை, அது முழுசாகப் பாடி முடித்தது.

மறுநாள் விடியற்காலை ரயிலுக்குக் கிளம்பும்போது ராங்கோ அண்ணன் அவள் அறைக் கதவைத் தட்டினான். “அம்மா, நான் போறேன்மா. கதவைத் திற.”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “எனக்குன்னு ஒரு பேர் இருக்கு. ரேடியோவுலதான் இல்ல. இனிமே அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடு.”

அன்றிலிருந்து அவன் அவளைத் திராகின்யா என்றுதான் கூப்பிடுகிறான். பட்டாளத்திலிருந்து வந்த கடிதங்களில் திராகின்யா, கல்யாணப் பந்தலில் திராகின்யா, பெரியப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதபோதும் திராகின்யா. ஒரே முற்றத்தில் வாழ்கிறார்கள், ஒருவரையொருவர் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு சொல் மட்டும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மிலுன்கா செய்திக்கு முன்னால் சொன்னாள்: “ஞாயிற்றுக்கிழமை வாழ்த்தில் ராங்கோவின் அம்மா திராகின்யாவின் பெயரை நான் விட்டுவிட்டேன். தவறு என்னுடையது. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.”

பெரியம்மா நம்பவில்லை. “இருபது வருஷமா ஒரு கமாவைக்கூட விடாதவ என் பேரை விட்டாளா? மிலுன்கா எந்தப் பேரையும் விடமாட்டா. இவரு போய்க் கெஞ்சியிருப்பாரு, அவளும் பாவம்னு சொல்லியிருப்பா. சீட்டுல என் பேர் இல்ல. சீட்டைக் குடுத்தது ராங்கோ. அவ்வளவுதான் விஷயம்” என்றாள். மன்னிப்புக் கேட்டவள் இதுவரை தவறே செய்யாதவள் என்பதால் அந்த மன்னிப்பு எடுபடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு யாரோ வாழ்த்து வாசித்தார்கள். மிலுன்கா தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு ஆறுகளின் நீர்மட்டம் வாசிக்க ஆரம்பித்தாள். தண்டனை என்று ஊர் பேசிக்கொண்டது.

4

இதுவரை சொன்னதை விருந்துகளில் எத்தனையோ முறை சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இதற்குமேல் சொன்னதில்லை.

முதல் பிரதியில் இப்படி இருந்தது: “சீட்டை எழுதியது நான்தான். பன்னிரண்டு வயது, அவசரத்தில் ஒரு பெயர் விடுபட்டு…”

இல்லை. அவசரமும் இல்லை, விடுபடவும் இல்லை.

அண்ணன்தான் சீட்டைக் கொடுக்கப் போக வேண்டியவன். பெரியப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அன்றைக்குப் பார்த்து ஆற்றங்கரையில் ஒரு பெண் அவனுக்காகக் காத்திருந்தாள். “உன் கையெழுத்து அழகா இருக்கும்டி. எல்லார் பேரையும் எழுதிக் குடுத்துடு. நான் குடுத்தேன்னு வீட்ல சொல்லிக்கறேன்” என்று என்னை அனுப்பிவிட்டுப் போய்விட்டான்.

அதற்கு மூன்று நாள் முன்புதான் பெரியம்மா என்னை முற்றத்தில் உட்காரவைத்துத் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பேன் சீப்பால் வாரினாள். என் அம்மாவுக்குப் பொறுமை கிடையாது, பெரியம்மாவுக்குத்தான் உண்டு. வெயில் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து உட்காரவைத்தாள். அண்ணனின் நண்பர்கள் நான்கு பேர் கேட்டருகே நின்றிருந்தார்கள். அதில் ஒருவனுக்காக நான் அந்த வருடம் முழுக்கத் தலையைப் பின்னி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். “அப்பாடி, இதோ ஒரு கிழட்டுப் பேன்!” என்று பெரியம்மா தூக்கிக் காட்டினாள். அவர்கள் சிரித்தார்கள்.

நிலையத்தில் நின்று எழுதினேன். அப்பா ஸ்வெதோ, கமா, தாத்தா லாசா. பேனா தயங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க எனக்குக் குதித்துக்கொண்டு போகிற சந்தோஷம். அது ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் இருந்தது.

ரயில் கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் கேட்டான். “அம்மா பேரை எழுதினியா?”

“எழுதினேன்.”

நம்பிவிட்டான். சீட்டைக் கொடுத்தது தான்தான் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தான், கடைசிவரை மாற்றிச் சொல்லவில்லை.

(இந்த இடத்தில் வாசகர் என்மேல் கோபப்பட வேண்டும். படவில்லை என்றால் நான் சரியாக எழுதவில்லை.)

5

ரெல்யா கேட்டதற்கு வருகிறேன். மிலுன்காவின்மேல் எனக்கிருந்த உணர்வு.

முதலில் வெறுப்பு. நாம் யாருக்குக் கெடுதல் செய்தோமோ அவர்களைப் பார்க்கப் பிடிக்காது, இது எல்லாருக்கும் உள்ளதுதான். ஒரு மணி அடித்தால், “திஸா, செந்தா: இருநூற்றுப் பதினொன்று, இரண்டு குறைவு” என்று ஆறு, ஊர், சென்டிமீட்டர் கணக்காக அவள் குரல் வரும், நான் சமையலறையை விட்டுப் போய்விடுவேன். அந்தக் குரல் துருப்பிடித்த கதவு மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். “உனக்கு என்னடி ஆச்சு? அவதான் வேணும்னு அழுவியே” என்றாள் அம்மா.

பிறகு கேலி. நோவி சாத் நகரில் படிக்கும்போது விடுதியில் ஒரு கண்ணாடி டம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டு சாப்பாட்டுப் பட்டியலை அவள் குரலில் வாசிப்பேன். “பீன்ஸ் சூப்: நாற்பது, ஆறு குறைவு. ரொட்டி: நேற்றைய மட்டமே நீடிக்கிறது.” மாடி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எனக்கு முதன்முதலில் கூட்டம் சேர்ந்தது அப்படித்தான். நான் எழுத்துக்கு வந்த கதையைப் பேட்டிகளில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன், அவற்றைத் தள்ளிவிடுங்கள்.

நாடு உடைந்து சண்டை நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளில் நான் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். அந்த வருடங்களில் வானொலியைத் திறந்தாலே பொய். யார் ஜெயிக்கிறார்கள், யார் துரோகி, யார் தாமாகவே முன்வந்து சண்டைக்குப் போகிறார்கள், எல்லாம் பொய். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் மட்டும் நிஜம் வரும். மிலுன்கா இரண்டு குறைவு என்றால், சாயங்காலம் ஆற்றங்கரைக்கு நடந்து போய்ப் படிக்கட்டைப் பார்த்தால் இரண்டு குறைந்திருக்கும். நான் நிஜமாகவே நடந்து போய்ப் பார்த்திருக்கிறேன். மறுபடியும் அவள்மேல் ஆசை வந்தது. குழந்தையின் ஆசை இல்லை, அதைவிடப் பெரியது. அந்த ஐந்து நிமிடம் இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

அவள் ஓய்வுபெற்ற பிறகு அவளைக் கும்பிடவே ஆரம்பித்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள், சீட்டு அவள் கையில் இருந்தது. பெயர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒரு குழந்தையைக் காப்பாற்றினாள், அதற்கு விலையாக ஞாயிற்றுக்கிழமையை இழந்தாள். இரண்டு பேட்டிகளில், பெயர் சொல்லாமல், “மௌனமாக இருக்க எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பெண்மணி” என்று சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

இத்தனை வருடத்தில் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பேன், அவளும் அசைப்பாள். வானொலிக்காரர்களோடு அப்படித்தான் பழக முடியும், அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்போம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

6

புதன்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். மருந்துக் கடைக்குப் பின்னால் இரண்டாவது மாடி. எண்பத்தோரு வயது. ஆள் பாதியாகச் சுருங்கியிருந்தாள், குரல் மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்று கேட்க உடம்பு சிலிர்த்தது.

“மிலோராத் பொண்ணுதானே நீ? உக்காரு. ரெல்யா போன் பண்ணான். என்னைப் பத்தி உருக்கமா எழுதப்போறியாமே.”

விருந்தாளிக்கு எங்கள் பக்கம் வழக்கமாகத் தருகிற செர்ரிப் பாகு ஒரு கரண்டி, ஒரு டம்ளர் தண்ணீர். அதை விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பேன் சீப்பு, சீட்டு, கமா, ரயில், ஒன்று விடவில்லை. ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். “என்னைக் காப்பாத்தினதுக்கு நன்றி மிலுன்காம்மா” என்று முடித்தேன். கண் கலங்கியது, அது ஒத்திகையில் இல்லாதது.

அவள் தன் கரண்டியைத் திருப்பி நக்கினாள்.

“உன்னையா? உன்னை நான் எதுக்குக் காப்பாத்தப்போறேன்? சீட்டுல எழுதினவங்க பேர் இருக்காது. அது நீதான்னே எனக்கு இப்பதான் தெரியுது.”

“அப்ப ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?”

“ஏன்னா அது என் தப்பு.” கரண்டியை வைத்தாள். “திராகின்யா கல்யாணத்துல ஆடினவ நான். அந்த வீட்ல யார் யாருன்னு எனக்குத் தெரியாதா? அப்பா ஸ்வெதோன்னு படிச்சேன், கண்ணு நின்னுடுச்சு. அம்மா எங்கன்னு தேடுது. ஒரு மூச்சு போதும், ‘அம்மா திராகின்யா’ன்னு நானே சேர்த்திருக்கலாம். எத்தனையோ சீட்டுல அப்படிச் சேர்த்திருக்கேன், ஊருக்குத் தெரியாது. அதனாலதான் எந்தப் பேரையும் விடாதவன்னு பேர் வாங்கினேன். அன்னைக்குச் சேர்க்கல.”

“ஏன்?”

“அந்த வாரம் ரொட்டிக் கடையில எனக்குப் பின்னால நின்னுட்டு திராகின்யா ஒருத்திகிட்ட சொல்றா. ‘அவளுக்குப் புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. அதான் ஊரார் வீட்டுப் பேரையெல்லாம் வாயில போட்டு மெல்லுறா’ன்னு. எனக்குக் கேக்கலைன்னு நெனச்சா. ஞாயித்துக்கிழமை அவ பேரு இல்லாத சீட்டு என் கையில வந்து உக்காருது. மெல்லலைடி, போதுமான்னு நெனச்சேன். அரை நொடி. அவ்வளவுதான்.”

நான் டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

“உனக்குப் பன்னெண்டு வயசு, எனக்கு நாப்பத்திநாலு. இப்ப சொல்லு, யார் பெரிய ஆள்?”

“உங்களை ஞாயித்துக்கிழமையிலேருந்து தூக்கினாங்களே?”

“யாரு தூக்கினா? நானாப் போய்க் கேட்டேன். பேரைப் பார்த்தாலே நாக்கு கூசுச்சு. ஆத்தைக் குடுங்க, வாசிக்கிறேன்னேன். தண்ணிக்கு மாமியாரும் கிடையாது, மருமகளும் கிடையாது.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. வருடக்கணக்கில் நான் பாடுபட்டுச் செதுக்கிய தெய்வத்தை ஒரு கரண்டிப் பாகைத் தின்று முடிப்பதற்குள் உடைத்துப் போட்டுவிட்டாள். ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நிம்மதி, அதை என்னவென்று சொல்ல? இத்தனை வருடம் தனியாகச் செய்ததாக நினைத்த திருட்டில் ஒரு கூட்டாளி இருந்திருக்கிறாள். குரலாகவும் சாமியாகவும் பார்த்த ஒருத்தியை அன்றுதான் எனக்கு ஆளாகப் பிடித்தது.

“எல்லாத்தையும் எழுதிடறேன். ஞாயித்துக்கிழமை வாசிக்கட்டும். பெரியம்மாவும் கேக்கட்டும்” என்றேன்.

“ரேடியோவுலயா? உனக்கு மூளை இருக்கா? போன தடவை ரேடியோவுல சொன்னதை அவ நம்பினாளா?” கைத்தடியைத் தேடினாள். “எழுந்திரு. குளிர்காலத்துக்கு மிளகா சுட்டு வைக்கற காலம், வீட்லதான் இருப்பா.”

“நீங்களுமா?”

“நீ தனியாப் போனா பாதியைச் சொல்லிட்டு வந்துடுவ. மீதியைக் கதையில எழுதிக்கிறேன்னுவ.”

7

மருந்துக் கடையிலிருந்து பெரியம்மா வீட்டுக்கு நான்கு தெரு. மிலுன்காவின் நடைக்கு நாற்பது நிமிடம். தெருவுக்கு இரண்டு பேர் நிறுத்தி, “மிலுன்காம்மா, ஆறு எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள். “அதுக்கென்ன, ஓடுது” என்றாள். அந்த நேரத்தில் நான் இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: பெரியம்மா மன்னிக்கிறாள். மூன்று பெண்களும் மிளகாய்க் கூடைக்குமேல் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ரெல்யாவுக்குப் பிடிக்கும், விளம்பரத்துக்கு முன்னால் சரியாகப் பொருந்தும்.

முடிவு ஆ: கேட் திறப்பதில்லை. இருவரும் திரும்பி நடக்கிறார்கள். இலை உதிர்கிறது. இது பரிசு வாங்குகிற முடிவு, இப்படி ஏற்கனவே மூன்று எழுதியிருக்கிறேன்.

“என்ன முணுமுணுக்கிற?” என்றாள் மிலுன்கா.

“பெரியம்மா என்ன சொல்வான்னு யோசிக்கிறேன்.”

“அவளுக்காக நீ ஏற்கனவே ஒரு தடவை எழுதிட்ட. இந்தத் தடவை அவளே சொல்லட்டும்.”

இரண்டையும் அடித்துவிட்டேன்.

தெருமுனையிலேயே சுட்ட மிளகாய் வாசனை வந்துவிட்டது. முற்றத்தில் தகர அடுப்புமேல் சிவப்பு மிளகாய்கள் கருகிக்கொண்டிருந்தன. ராங்கோ அண்ணன், ஐம்பத்தாறு வயது, லாரி ஓட்டுநர், தொப்பைமேல் பனியன் ஏறிக் கிடக்க, இடுக்கியால் புரட்டிக்கொண்டிருந்தான். பெரியம்மா முக்காலியில் உட்கார்ந்து தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

“திராகின்யா, யாரு வந்திருக்காங்க பாரு!” என்றான்.

பெரியம்மா நிமிர்ந்து மிலுன்காவைப் பார்த்தாள். “இந்தக் குரல் வந்தா நான் ரேடியோவை அணைச்சுடுவேன். இப்ப நேர்லயே வந்து நிக்குது, எதைத் திருகறது?”

“இரு, ஒரு நிமிஷம்தான்” என்றாள் மிலுன்கா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மைக்குக்கு முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள். “திராகின்யா, நான் உன் பேரை விடல.”

“அதைத்தானே நான் முப்பத்தேழு வருஷமாச் சொல்றேன்!”

“சீட்டுல இல்ல. இல்லைங்கிறதைப் பார்த்தேன். சேர்த்திருக்கலாம், சேர்க்கல. ரொட்டிக் கடையில நீ சொன்னது காதுலயே இருந்துச்சு.”

பெரியம்மாவின் கை நின்றது. என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. “கேட்டுடுச்சா உனக்கு” என்று மட்டும் சொன்னாள். இன்னொரு மிளகாயைக் கையில் எடுத்துக்கொண்டு, “அது தப்பான பேச்சு” என்றாள்.

என் முறை வந்தது. வாக்கியம் அமைத்துப் பிழைக்கிறவள் நான். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: “சீட்டை எழுதினது நான் பெரியம்மா. அண்ணன் எல்லார் பேரையும் எழுதச் சொன்னான். நான்தான் வேணும்னே உங்க பேரை எழுதல.”

“ஏன்டி?”

“பேன் பார்த்தீங்க. எல்லார் முன்னாலயும்.”

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிற என் தலைமுடியைப் பார்த்தாள்.

“அவ்வளவு பேன் இருந்துச்சுடி உனக்கு” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் இடுக்கியைப் பிடித்தபடி நின்றான், அடுப்பில் மிளகாய் எரிந்துகொண்டிருந்தது.

“நீ குடுத்தேன்னுதானே சொன்ன?”

“இவதான் குடுத்தா. நான் ஆத்தங்கரைக்குப் போயிருந்தேன். எழுதினியான்னு கேட்டேன், எழுதினேன்னா. சின்னப் பொண்ணு, அவளை எதுக்கு இழுக்கிறதுன்னு…”

“எல்லார் பேரையும் எழுதச் சொன்னியா?”

“அப்பா பேரு, அதுக்கப்புறம் உன் பேரு. வேற எப்படிச் சொல்லுவேன்?”

பெரியம்மா எழுந்தாள். கையில் ஒட்டியிருந்த மிளகாய்த் தோலை ஏப்ரனில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது போகவில்லை. மிலுன்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் வெளியே வந்து கேட்டைச் சாத்தினோம்.

8

ரெல்யாவுக்கு வேறு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீர்மட்டத்தைப் பற்றி, விடுதி டம்ளரைப் பற்றி. ஊரே அவள் குரலைக் கேட்டு வளர்ந்தது என்ற வரியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள், நன்றாகத்தான் இருக்கும்.

நீங்கள் படிப்பது மற்றது. பெரியம்மாவிடமும் அண்ணனிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை அச்சுக்குக் கொடுத்தேன். “எங்க கேட்டைச் சாத்தினியோ அங்கயே நிறுத்திக்க” என்றாள் பெரியம்மா. நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் கேட்டைச் சாத்தி மூன்று அடி நடப்பதற்குள், உள்ளேயிருந்து ராங்கோ அண்ணன் அவளைக் கூப்பிட்டான் என்பது வரைக்கும் சொல்லலாம். எப்படிக் கூப்பிட்டான் என்று எழுதமாட்டேன். அந்த வீட்டு விஷயத்தை ஒரு தடவை ஊரே உட்கார்ந்து கேட்டாயிற்று. உங்களுக்கு ஒரு சொல் தோன்றியிருந்தால் உங்கள் பிரதியில் எழுதிக்கொள்ளுங்கள். நான் சரிபார்க்கப்போவதில்லை.

தெருவில் மிலுன்காவிடம் கேட்டேன். “காதுல விழுந்துச்சா?”

“எனக்கு எண்பத்தொரு வயசுடி. காது சரியாக் கேக்கறதில்ல” என்றாள்.

அவள் காதில் ஒரு குறையும் இல்லை. எதிர்ச் சாரியில் ஒரு பெண் தன் வீட்டு ஜன்னலுக்கு உள்ளிருந்து, சாதாரணக் குரலில், “ஆறு எப்படி இருக்கு மிலுன்காம்மா?” என்றாள்.

“ஏறுது” என்று சொல்லிவிட்டு, மிலுன்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.